உணவிட ஆய்வு உபகுழு

மொன்றியலில் ஒரு தமிழன் தன் மனைவியோடு தனியாக இருந்து ஒரு நேரச் சாப்பாடு சாப்பிட ஆசைப்பட்டால், அதை அவன் ஒருவருக்கும் சொல்லக் கூடாது. பேரின்பநாதன் சொல்லிவிட்டார். அதுவும் ஊர் ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் சொன்னார். இந்த ஒரு பிழையைத் தவிர அந்த மனுசன்மேல் வேறு குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு டோர்வலில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டு அடுக்குகிறார். விடிய நாலு மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் பின்னேரம் மூன்றரைக்குத் திரும்புவார். மனைவி ஜெகதீஸ்வரி மூன்று மணிக்கே கட்டடம் துப்புரவு செய்யும் வேலைக்கு வெளிக்கிட்டிருப்பாள். அவருக்கு லீவு செவ்வாயும் புதனும். அவளுக்குச் சனியும் ஞாயிறும். பிள்ளைகள் இரண்டும் படித்து முடித்து ரொறன்ரோவுக்குப் போனபிறகு, லசாலில் அந்த ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் பேசியது பெரும்பாலும் பிரிஜ் கதவில் ஒட்டிய மஞ்சள் துண்டுகளில்தான். 'பருப்பு கீழ்த்தட்டில்.' 'பருப்பு முடிஞ்சுது.' முப்பது வருடத் தாம்பத்தியத்தில் கடைசி ஐந்தாறு வருடம் இப்படியே போய்விட்டது.

பல் வைத்தியரிடம் காத்திருந்த ஒரு நாள் ஜெகதீஸ்வரி ஒரு சஞ்சிகையில் படமொன்றைப் பார்த்தாள். டன்ஹம் பக்கத்து வைன் தோட்டம். கொடிகளுக்கு நடுவே ஒரு சிறிய மேசை. ஒரு கிழவனும் கிழவியும் பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டு சிரிக்கிறார்கள். அதைக் கிழித்து வந்து பிரிஜில் ஒட்டி, கீழே எழுதினாள்: 'இப்பிடி ஒருநாள் இருந்து சாப்பிடவேணும்.' கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் தனக்கென்று கேட்டது அதுதான்.

பேரின்பநாதன் மேற்பார்வையாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு லீவு வாங்கினார். பதினொரு மாதத்தில் இருவருக்கும் சேர்ந்து கிடைத்த முதல் நாள் அது. தனக்குத் தெரிந்த வேலைத்தலப் பிரெஞ்சில் ஒரு தோட்டத்துக்கு ரெலிபோன் அடித்து, ஒரு மணிக்கு இரண்டு பேருக்கு மேசையும் பதிந்தார். சாப்பாடு நீங்கள் கொண்டு வரலாம், குடிப்பது மட்டும் எங்களுடையதாக இருக்கவேண்டும் என்றார் தோட்டக்காரி இசபெல். அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கையில் ஒருமுறை ஆசைப்பட்டிருக்கிறாள், இதைவிட நல்ல இடம் இருந்தால் என்ன செய்வது என்று மனம் அரித்தது. குழுவில் போட்டார்.

"செப்டெம்பர் கடைசிச் சனி நானும் மனிசியும் தனிய டன்ஹம் பக்கம் வைன் தோட்டம் பாக்கப் போனால் இருந்து சாப்பிட நல்ல இடம் எது?"

பத்து நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பதில் வந்தது. பதினாலு பேர் நெடுஞ்சாலையோரத்துக் கோப்பிக் கடையைச் சொன்னார்கள். ஆறு பேர் அங்கே போகாமல் ரொறன்ரோவுக்குப் போய்த் தோசை சாப்பிடும்படி சொன்னார்கள். ஒருவர் கேள்வியை வாசிக்காமல் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்தார். பிறகு தலைவரிடமிருந்து ஆறு நிமிடம் நாற்பது செக்கனுக்கு ஒரு குரல்பதிவு வந்து இறங்கியது.

மொன்றியல் தாமரைவளவு மக்கள் ஒன்றியத்துக்கு ஆனந்தராசாதான் தலைவர். பதினெட்டு வருடமாகத் தற்காலிகத் தலைவர். கர்க்லாண்டில் பெரிய வீடு. ஒன்றியத்தின் தலைமையகம் அந்த வீட்டின் பேஸ்மென்ட். அவசர நிர்வாகசபைக் கூட்டம் அங்கே கூடியது. விளக்கேற்றி, மௌனம் காத்து, வரவேற்புரை சொல்லி முடித்தபிறகு தலைவர் எழுந்தார்.

"ஒரு அங்கத்தவர் தனியப் போய்ச் சாப்பிடுறதுக்கு நான் எதிரானவன் இல்லை. ஜனநாயகம். ஆனால் இண்டைக்கு ஒருத்தர் தனியப் போவார். நாளைக்கு இன்னொருத்தர் போவார். எல்லாரும் தங்கட பாட்டில சந்தோசமா இருக்கத் தொடங்கினால், பேந்து இந்த ஒன்றியம் என்னத்துக்கு?"

பலத்த கரகோஷம். பேரின்பநாதனும் கை தட்டினார். எல்லோரும் தட்டும்போது சும்மா இருக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

யூலையில் நடக்கவேண்டிய கோடைகால ஒன்றுகூடல், பதாகையில் யாருடைய படம் பெரிது என்ற தகராறில் நின்று போயிருந்தது. பதாகை அச்சாகிவிட்டது, வீணாக்க முடியாது. ஆகவே கோடைகாலத்தைச் செப்டெம்பர் கடைசிச் சனிக்கு ஒத்திவைத்து, பேரின்பநாதன் தம்பதிகளின் சாப்பாட்டை ஒன்றியமே பொறுப்பேற்பதாகத் தீர்மானம் வந்தது. ஆலோசகர் சிவநேசம் ஐயா கையை உயர்த்தினார்.

"அண்டைக்குப் புரட்டாதிச் சனி. வைன் தோட்டம். எங்கட பண்பாட்டுக்கு இது பொருந்துமோ?"

முக்கால் மணிநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் தலைவரே வழி கண்டார். "நாங்கள் போறது ஒரு பழத்தோட்டத்துக்கு. அந்தப் பழத்தை அவை பிறகு என்ன செய்யினம் எண்டது கனடா அரசாங்கத்தின்ர பிரச்சினை." தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மச்சம் இல்லை, சைவச் சாப்பாடுதான் என்பதும் அதோடு முடிவானது.

எந்த இடத்தில் இருந்து சாப்பிடுவது என்பதை ஆராய ஒரு உபகுழு அமைத்தார்கள். பெயர் உணவிட ஆய்வு உபகுழு. உறுப்பினர் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர், வரச் சொல்லிக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பதவியை ஏற்றுக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர் அமைப்பாளர் பேரின்பநாதன். அவருடைய கையில் முப்பத்தொரு கேள்விகள் அடங்கிய படிவத்தைச் செயலாளர் ஸ்ரீதரன் கொடுத்தார்.

"அண்ணை, ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு படிவம். படமும் வேணும்."

மேடை கிழக்குப் பார்த்து அமையுமா, பதாகை கட்ட மரம் உண்டா, தலைவரின் வாகனம் மேடைவரை வருமா என்றெல்லாம் படிவம் கேட்டது. சாப்பாட்டைப் பற்றி அதில் கேள்வி இருக்கவில்லை.

தன்னுடைய செவ்வாய்க்கிழமைகளைச் செலவழித்துப் பேரின்பநாதன் தனியே அலைந்தார். முதலில் ஒரு சீஸ் பண்ணை. கடை வாசலில் ஆட்கள் இருக்க மர வாங்கு போட்டிருந்தார்கள். சுடச்சுடப் பாணும் ஆட்டுப்பால் சீஸும் தந்தார்கள். படம் அனுப்பினார். "பாண் காலமைச் சாப்பாடு. நிராகரிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. அடுத்தது ஊர்ச் சந்தியில் ஒரு சின்ன உணவகம். பெரிய வெள்ளைத் தட்டில் ஒரு கரட், மூன்று பட்டாணி, பச்சை நிறத்தில் ஒரு சொட்டு. அந்தப் படத்தைப் பார்த்துச் சிவநேசம் ஐயா கேட்டார்: "தம்பி, இது சாப்பிட்டு முடிஞ்சபிறகு எடுத்த படமோ?" மூன்றாவது, தேவாலயத்துக்குப் பின்னால் மேப்பிள் மரங்களின் கீழ் ஊர்ப் பொது மேசைகள். நிழலும் காற்றும் ஆளில்லாத அமைதியுமாக அருமையான இடம். மின்சாரம் இல்லாதபடியால் அதையும் தள்ளினார்கள். கடைசியில் தேர்வானது அவர் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த இசபெலின் தோட்டம்தான். கொட்டகைச் சுவரில் ஒரு பிளக் இருந்தது.

அவர் இசபெலுக்கு ரெலிபோன் அடித்து, இன்னும் கொஞ்சப் பேர் வரக்கூடும் என்றார். எத்தனை பேர் என்று கேட்டார் இசபெல். கொஞ்சப் பேர் என்று மறுபடியும் சொன்னார் பேரின்பநாதன். எண்பத்தாறு என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வெளிக்கிடவேண்டிய பேருந்து பத்து நாற்பதுக்கு வெளிக்கிட்டது. பின்னால் பதினேழு கார்கள். தோட்டத்து வாசலில் அந்த ஊர்வலம் வந்து நின்றதும் இசபெல் ஏப்ரனோடு ஓடி வந்து, இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். அவர் வாய் திறப்பதற்குள் தலைவர் ஒரு பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார். புகைப்படம் எடுத்தார்கள். பொன்னாடை போர்த்திய ஒருவரால் அதற்குப்பிறகு ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. எங்கள் சமூகம் இதைப் பல தேர்தல்களில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறது.

"இரண்டாயிரம் ஆண்டு விருந்தோம்பல் மரபு கொண்ட நாங்கள், உங்களுடைய மண்ணை இன்று எங்கள் பாதங்களால் கௌரவிக்க வந்திருக்கிறோம்" என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசிய தலைவர், "இதை அவவுக்குச் சொல்லும்" என்றார்.

பேரின்பநாதன் பிரெஞ்சில் சொன்னார்: "மன்னிப்புக் கேட்கிறார்."

ஒலிபெருக்கி கூடாது, சமைக்கக் கூடாது, வெளியிலிருந்து மதுவகை கொண்டுவரக் கூடாது என்றார் இசபெல். மூன்றுக்கும் தலைவர் தலையாட்டினார். பத்து நிமிடத்தில் பிளக்கில் ஒலிபெருக்கி ஏறியது. தோட்டத்துக்கு மரியாதையாக எண்பத்தாறு பேருக்கும் சேர்த்து ஒரு போத்தல் வைன் வாங்கி, மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். படத்தில் விழாதபடி சிவநேசம் ஐயா அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். இதற்கிடையில் வாகனத் தரிப்பிடத்தில், ஒரு வானின் உயர்த்திய பின்கதவுக்குக் கீழே பதினாலு ஆண்கள் ஒதுங்கியிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வைன் விளைகிற பூமியில் நின்றுகொண்டு, கடதாசிக் குவளையில் விஸ்கி குடித்தார்கள். புரட்டாதிச் சனியல்லவா என்று யாரோ கேட்டதற்கு, விஸ்கியில் முட்டைகூட இல்லை என்று ஸ்ரீதரன் விளக்கம் கொடுத்தார்.

நிகழ்ச்சி நிரலில் இருபத்துமூன்று அம்சங்கள். சாப்பாடு இருபத்திரண்டாவது, நன்றியுரை இருபத்துமூன்றாவது. சட்டிகளை ஒரு கொட்டகைக்குள் வைத்து, வாசலில் ஸ்ரீதரன் கதிரை போட்டு இருந்தார். பசிக்கிறது என்று அழுத பிள்ளைகளைப் பெற்றவர்கள் தலைவரிடம் தூது போனபோது, அவர் ஒலிவாங்கியிலேயே பதில் சொன்னார்.

"உறவுகளே, உண்மையைச் சொல்லுறன். சாப்பாட்டை முதல்ல குடுத்தால் சனம் சாப்பிட்டிட்டுப் போயிடும். நாங்கள் பேசுறதைக் கேக்கவெண்டு ஒருத்தரும் இஞ்ச வாறேல்லை எண்டது எனக்கு நல்லாத் தெரியும். பதினெட்டு வருச அனுபவம்."

அதற்கும் கை தட்டினார்கள்.

ஜெகதீஸ்வரி ஐந்து மணிக்கு எழும்பி இரண்டு பேருக்கென்று சமைத்து, அடுக்குக் கரியரில் கட்டிக் கொண்டு வந்திருந்தாள். வந்து இறங்கிய கையோடு மகளிர் அணி அவளைப் பிடித்து, கடதாசித் துவாய் மடிக்க இருத்திவிட்டது. இரண்டு மணிக்கு ஒருவாறு எழும்பி வந்து புருசனின் பக்கத்தில் நின்றாள்.

"இஞ்சருங்கோ, எத்தினை மணிக்குச் சாப்பாடு?"

"இருபத்திரண்டாவது."

"இப்ப எத்தினையாவது நடக்குது?"

"ஆறாவது. பொருளாளர் அறிக்கை."

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, பழகிப்போன முகம்தான். அதைப் பார்க்கப் பேரின்பநாதனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. முப்பது வருடத்தில் ஒரு விசயம் கேட்டாள். அதையும் நான் கொண்டுபோய் இருபத்திரண்டாவதாக வைத்திருக்கிறேனே என்று நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து, தோளில் பொன்னாடை சரியச் சரிய, இசபெல் கையில் ஒரு கொப்பியோடு வந்தார். "மிஸ்யூ, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஒரு மணிக்கு இரண்டு பேருக்கு மேசை பதிந்திருக்கிறது. அந்தத் தம்பதி இன்னும் வரவில்லை. இந்தப் பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை."

பேரின்பநாதன் கொப்பியைப் பார்த்தார். "அது நாங்கள்தான்."

இசபெல் அவரைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். கயிறு இழுக்கும் போட்டிக்காகத் திராட்சைக் கொடி படர்ந்த கம்பத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். "அப்படியென்றால் இவர்கள்?"

"தெரிந்தவர்கள்."

இசபெல் கொப்பியை மூடிக்கொண்டு முன்னால் நடந்தார். இருவரும் கரியரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். பத்துப் பன்னிரண்டு நிரை தாண்டி, மேட்டின் மறுபக்கத்தில் ஒரு மேசை இருந்தது. கட்டம் போட்ட விரிப்பு, இரண்டு குவளைகள், இரண்டு பக்கமும் கறுத்துத் தொங்கும் குலைகள். இசபெல் இருவருக்கும் கொஞ்சம் வெள்ளை வைன் ஊற்றி வைத்துவிட்டுப் போனார்.

ஜெகதீஸ்வரி கரியரைத் திறந்தாள். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பொரித்த மோர்மிளகாய். வைனில் ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"புளிக்குது."

"புரட்டாதிச் சனியப்பா."

"சனியனுக்கு நான் வருசா வருசம் எள்ளெண்ணெய் எரிக்கிறன். ஒரு நாளைக்குப் பொறுக்கட்டும்" என்று சொல்லி இரண்டாவது மிடறும் குடித்தாள்.

மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருந்தது. பேரின்பநாதன் சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்தார். இவ்வளவு ருசியான கத்தரிக்காய்க் கறி தன்னுடைய வீட்டில்தான் காய்ச்சப்படுகிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. இத்தனை வருடமும் அதை மைக்ரோவேவில் சூடாக்கி நின்றபடியே விழுங்கியிருக்கிறார்.

"இவ்வளவு நாளும் சொல்லேல்லை. நல்லாக் காய்ச்சுறீர்" என்றார்.

"துண்டில எழுதி ஒட்டியிருக்கலாமே" என்றாள் அவள். சிரித்தாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னது. "உணவிட ஆய்வு உபகுழுவின் அமைப்பாளர் திருவாளர் பேரின்பநாதன் அவர்களை, பொன்னாடை பெற்றுக்கொள்ள மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்." கொஞ்ச நேரம் விட்டு, "அழைக்கிறோம்." பிறகு அன்பு கழன்றுபோய், "பேரின்பநாதன், எங்க நிக்கிறீர்? உடன மேடைக்கு வாரும்!"

"கூப்பிடினம். போங்கோ. நான் இதை மூடி வைக்கிறன்" என்றாள் ஜெகதீஸ்வரி. மூடியைக் கையில் எடுத்தும்விட்டாள்.

அவர் பாதி எழும்பினார். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பழகிய கால்கள். எழும்பிய பிறகுதான் அவள் கையிலிருந்த மூடியைக் கண்டார். அதை வாங்கித் தூரத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி இருந்தார். பிறகு மேட்டுப்பக்கம் திரும்பி, வாயில் சோற்றோடு, தன் வாழ்நாளில் போடாத சத்தம் போட்டார்.

"சாப்பிடுறம்!"

தோட்டம் முழுவதும் அது கேட்டது. எண்பத்துநாலு பேரும் வெறும் வயிற்றோடு அந்தச் சொல்லைக் கேட்டார்கள். முதலில் ஒரு கதிரை இழுபட்டது. பிறகு எல்லாக் கதிரைகளும் இழுபட்டன. ஸ்ரீதரன் கொட்டகை வாசலில் கைகளை விரித்து நின்றார். சனம் அவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சட்டிகளைத் திறந்தது. மேடையில் தனித்துப்போன தலைவர் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் தலைவர் தலைவர்தான். "மக்களின் பசியைத் தொலைநோக்கோடு உணர்ந்து, தலைவருக்குரிய விசேட அதிகாரத்தைப் பயன்படுத்தி, இருபத்திரண்டாவது அம்சத்தை முன்கூட்டியே ஆரம்பித்து வைக்கிறேன்" என்று வெறும் கதிரைகளுக்கு அறிவித்தார்.

மேட்டின் இந்தப் பக்கத்துக்கு ஒருவரும் வரவில்லை. இருவரும் நாலரை மணிவரை அங்கேயே இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கர்க்லாண்ட் பேஸ்மென்டில் விசாரணை. நிகழ்ச்சி நிரலுக்குப் புறம்பாகச் சாப்பிட்டதுதான் குற்றம். ஒன்றியத்தின் யாப்பைப் புரட்டியதில் அப்படி ஒரு விதி இல்லை என்று தெரிந்தது. ஆகவே முதலில் விதியை நிறைவேற்றினார்கள். அதன்பிறகு பேரின்பநாதன் அதை மீறியிருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். விளக்கம் கேட்டார்கள்.

"பசிச்சது. மனிசியோட இருந்து சாப்பிட்டன்" என்றார் அவர்.

சிவநேசம் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டும் ஒரே நேரத்தில நடந்ததோ?"

"ஓம் ஐயா."

ஸ்ரீதரன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு வருட இடைநிறுத்தமா, எழுத்துமூல மன்னிப்பா என்று விவாதம் சூடு பிடித்தபோது, மேலேயிருந்து தலைவரின் மனைவி நீலாவதி தேநீர்த் தட்டோடு படியிறங்கி வந்தார். பதினெட்டு வருடமாக அந்தப் பேஸ்மென்டுக்குத் தேநீர் இறக்குகிறவர். அங்கே ஒரு வார்த்தை பேசி ஒருவரும் கேட்டதில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு நேரே பேரின்பநாதனிடம் திரும்பினார்.

"தம்பி, அந்தத் தோட்டக்காரியின்ர ரெலிபோன் நம்பர் இருக்கோ? எனக்கும் அந்த மேட்டுக்கு அங்கால இருக்கிற மேசை வேணும்."

பேரின்பநாதன் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். "எத்தினை பேருக்கு அக்கா?"

"ரெண்டு."

தலைவர் நிகழ்ச்சி நிரலிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மற்றது ஆர்?" என்று கேட்டார்.